வீட்டுத் தீர்வை கட்டித் தரும் கடை: ஐந்துக்கு மூன்றரை

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாவு மில்லுக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், கரண்ட் பில், ரயில் டிக்கெட், பட்டா, வரி எல்லாம் உண்டு. கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஊர்ப் பெயரும் வேண்டாம். சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே ஒரு பேரூராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையை நடத்துகிற பையன் நல்ல பையன். அவனைப் பற்றிக் கொஞ்சம் குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால்தான்.

நான் போனது வீட்டுத் தீர்வை கட்ட. ஒரு தடவையில் முடிய வேண்டிய வேலை, மூன்று தடவை ஆயிற்று. முப்பது வருடம் பீடிக் கடையில் கணக்கு எழுதியவன் நான். இலைக்கும் தூளுக்கும் கிராம் சுத்தமாகக் கணக்கு வைத்து, ஆயிரம் பீடிக்கு இத்தனை கழிவு என்று பாஸ்புக்கில் எழுதி, பெண்களிடம் பேச்சும் வாங்கியவன். ரசீது விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதிப்பெண்ணை அதற்குத் தகுந்தபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வேலை தொடங்கியது கரண்ட் கனெக்‌ஷனில். அப்பா இறந்து நாலு வருடம் ஆகிறது. மீட்டர் இன்னும் அவர் பெயரில்தான் ஓடுகிறது. பெயர் மாற்றக் கேட்டபோது, "சொத்து வரி ரசீது கொண்டு வாங்க" என்றார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், சொத்து வரி ரசீது எங்கே என்று கேட்டேன். அம்மாவுக்கு வயது 84. காது நன்றாகக் கேட்கும்.

"சொத்து வரியா? நமக்கு ஏதுல சொத்து? இருக்கது இந்த வீடு ஒண்ணுதான்" என்றாள்.

"அந்த வீட்டுக்குத்தாம்மா வரி."

"வீட்டுக்கு நாம தீர்வைல்லா கெட்டுதோம். சொத்து வரின்னு ஒருநாளும் கெட்டுனது இல்ல. புதுசா என்னமும் போட்டுருக்கானா?"

ஒரு மணி நேரம் பயந்து போயிருந்தாள். வீட்டுக்கு ஒரு வரி, அதற்கு மேல் சொத்துக்கு ஒரு வரி என்று அவளுக்குக் கணக்கு. சொத்து என்றால் அவளுக்கு வயல், தோப்பு, நகை. இருக்கிற வீட்டை யாராவது சொத்து என்பார்களா? தீர்வைதான் சொத்து வரி என்று நான் சொன்ன பிறகும் முழுதாக நம்பவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட ரசீதுக் கட்டை எடுத்து மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தாள். "எதுக்கும் எல்லாத்தையும் கொண்டு போ" என்று வீட்டுப் பத்திரம், பட்டா நகல், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு எல்லாமும் அதே பையில்.

அந்தப் பையோடுதான் சென்டருக்குப் போனேன். ஏப்ரல் முதல் வாரம், பதினோரு மணி, தார் ரோடு இளகிக் கிடந்தது. உள்ளே ஃபேன் உண்டு, உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு, குடிக்கப் பானைத் தண்ணீர் உண்டு. இதற்கே அரை நட்சத்திரம் கொடுக்கலாம்.

"தம்பி, தீர்வை கெட்டணும்."

"என்னது அண்ணாச்சி?"

"தீர்வைய்யா. தீர்வை ரசீது வேணும்."

பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். இங்கே பிறந்து இங்கே வளர்ந்தவன்தான். ஆனால் அப்பா காலத்திலிருந்தே வாடகை வீடு. வாடகை வீட்டில் வளர்ந்த பிள்ளை தீர்வையை எங்கே கண்டிருக்கும்? தெரியாது என்று சொல்லவும் கூச்சம். என் பையை வாங்கி ஒவ்வொரு காகிதமாகப் புரட்டினான். பட்டா நகல் கைக்கு வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தா இருக்கு அண்ணாச்சி, தீர்வை!" என்றான்.

அவன் விரல் வைத்த இடத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. பட்டாவோடு வரும் நில விவரக் கணக்கான சிட்டா நகலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சர்வே எண், உட்பிரிவு, அப்புறம் புன்செய் என்றும் நன்செய் என்றும் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் பரப்பு ஒரு கட்டம், தீர்வை ஒரு கட்டம். பரப்பு ஹெக்டேரிலும் ஏரிலும், தீர்வை ரூபாயிலும் பைசாவிலும். பாப்பாக்குடிப் பக்கம் தாத்தா விட்டுப்போன 42 ஏர் புஞ்சை எங்களுக்கு இருக்கிறது, ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. பையன் சடசடவென்று தட்டி, புதுச் சிட்டா ஒன்றைப் பிரிண்ட் எடுத்து நீட்டினான்.

"தீர்வை ஒரு ரூபா அம்பத்தெட்டு பைசாதான் அண்ணாச்சி. இதை ஆன்லைன்ல எப்படிக் கட்டன்னுதான் தெரியல. முப்பது ரூபா குடுங்க, பிரிண்டுக்கு."

சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. முப்பது ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

பையனை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. அரசாங்கக் காகிதத்தில் தீர்வை என்ற சொல் இன்றைக்கும் நிலத்தின் மேல் பளிச்சென்று நிற்கிறது. தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் தரிசு நிலத்தைக்கூட இரண்டாகப் பிரிப்பார்கள்: தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு. ஆற்றுத் தண்ணீரைப் புஞ்சைக்குத் திருப்பிப் பயிர் வைத்தால் அதற்குத் தனியாக ஒன்று போடுவார்கள், பெயர் தீர்வை ஜாஸ்தி. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் காரும் பிசானமுமாக இரண்டு போகம் நெல் போட்டுப் பிழைத்த ஊர் எங்களது. தாத்தாவின் பழைய காகிதங்களில் தீர்வை ஜாஸ்தியும் பசலி ஜாஸ்தியும் மாறி மாறி வரும். அவர் அதைப் படித்துவிட்டு, "எல்லாம் ஜாஸ்திதான்" என்பாராம்.

ஆனால் எங்கள் பக்கத்துப் பேச்சில் சும்மா தீர்வை என்றால் வீட்டுத் தீர்வைதான். நிலத்துக்குக் கட்டுவதைக் கிஸ்தி என்பார்கள், இல்லாவிட்டால் நிலவரி. புது வீடு கட்டினால் "தீர்வை போட்டாச்சா?" என்று கேட்பார்கள். அளந்து, ஓடா கான்கிரீட்டா, குடியிருக்கவா கடைக்கா என்று பார்த்து எண் கொடுப்பதற்குப் பெயர் தீர்வை போடுவது. பாகப்பிரிவினை ஆனால் தீர்வையைப் பிரிக்க வேண்டும், பெரியவர் போய்விட்டால் தீர்வையைப் பெயர் மாற்ற வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட, "மாப்பிள்ளை வீட்டுத் தீர்வை யார் பேர்ல இருக்கு?" என்று விசாரிப்பார்கள். சொந்த வீடா என்று நேராகக் கேட்டால் மரியாதைக் குறைவு, இப்படிக் கேட்டால் குறைவில்லை.

செங்கோட்டையில் கட்டிக்கொடுத்த அத்தை இதையே கரம் என்பாள். செங்கோட்டை 1956 நவம்பர் வரைக்கும் திருவிதாங்கூர்ச் சீமையோடு இருந்த ஊர். மலையாளத்தில் வரி கட்டிய ரசீதுக்கு, கரம் தீர்த்த ரசீது என்று பெயர். அதிலும் பாருங்கள், தீர்ப்பது என்ற வினைதான் வருகிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் நிலத்துக்குக் கட்டுவதைக் கந்தாயம் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் வீட்டு வரிக்குச் சோலை வரி என்று பெயர். என்ன அழகான பெயர்! மரத்தடியில் உட்கார்ந்து கட்டுகிற வரி போல இருக்கிறது.

தங்கை மகள் பெல்பாஸ்ட்டில் நர்ஸாக இருக்கிறாள். போன வருடம் வீடு வாங்கினார்கள். வீட்டுக்கு வரி உண்டா என்று அம்மா போனில் கேட்க, "உண்டு ஆச்சி, இங்க அதுக்கு ரேட்ஸ்னு பேரு" என்றாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன ரேட்டு? எதுக்கு ரேட்டு?" என்று நாலு தடவை கேட்டாள். இங்கிலாந்தில் வீடுகளுக்கான ரேட்ஸ் 1990-ல் போய், தலைக்கு இவ்வளவு என்று ஒரு வரி வந்து, அதற்குக் கலவரம் நடந்து, 1993-ல் கவுன்சில் டாக்ஸ் ஆகிவிட்டது. வட அயர்லாந்தில் மட்டும் பழைய பெயரும் பழைய முறையும் இன்னும் இருக்கின்றன. வீட்டுக்கு என்ன மதிப்பு என்று போட்டு, பவுண்டுக்கு இத்தனை பென்ஸ் என்று கணக்கிடுவதால் அந்தப் பெயர். நம் தீர்வைக்கும் ஒரு கணக்கு உண்டுதான், ஆனால் பெயர் கணக்கிலிருந்து வரவில்லை. கடனைத் தீர்ப்பது, வழக்கைத் தீர்ப்பது, நேர்ச்சையைத் தீர்ப்பது, எல்லாம் ஒரே வேர். கட்டிவிட்டால் தீர்ந்தது. ஆறு மாதத்துக்காவது.

சரி, கடைக்கு வருவோம்.

இரண்டாவது தடவை போனபோது, எழுதியே கொண்டு போனேன்: "சொத்து வரி. வீட்டுக்கு." பையன் தலையில் அடித்துக்கொண்டான். "முதல்லயே பிராப்பர்ட்டி டாக்ஸ்னு சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி!" உடனே பக்கத்தைத் திறந்துவிட்டான். கை வேகம் அபாரம். அதைக் குறை சொல்ல முடியாது.

சிக்கல் எண்ணில் வந்தது. அம்மாவின் கட்டில் இருந்த பழைய ரசீதுகள் கையால் எழுதியவை. கார்பன் வைத்து, ஊதா மையில், வரி விதிப்பு எண் நாலு இலக்கம். இப்போது கம்ப்யூட்டரில் இருப்பது நீள எண். பழையதைப் போட்டுத் தேடினால் தெருவுக்கு ஒன்று வருகிறது. பெயரைப் போட்டுத் தேடினான். எங்கள் தெருவில் அப்பா பெயர்க்காரர்கள் நாலு பேர். சுடலைமாடன் பெயரை மூத்த பிள்ளைக்கு வைக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. இனிஷியலும் இரண்டு பேருக்கு ஒன்றுதான்.

இந்த நேரம் பார்த்து நான் டீ குடிக்கப் போனேன். இது என் தப்பு. முப்பது வருடக் கணக்குப்பிள்ளை செய்யக்கூடாத தப்பு.

"அண்ணாச்சி, ஆயிரத்து நூத்தி நாப்பது வருது. போட்டுறவா?" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து கத்தினான். ஏதோ பாக்கி சேர்ந்திருக்கும், போடு என்று கையைக் காட்டினேன். போட்டுவிட்டான்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தால், கதவு எண் வேறு. நான் கட்டியது மூன்று வீடு தள்ளி இருக்கிறவரின் தீர்வை. நிலுவையும் சேர்த்து.

அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். வீடு பூட்டிக் கிடக்கும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வந்தவரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "தீர்வைய நீங்க கெட்டிட்டீய, சரி. வீடும் உங்களுதுன்னு சொல்லிராதீய அண்ணாச்சி!" என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொன்னாலும், நிறையப் பேர் நிஜமாகவே அப்படி நினைக்கிறார்கள். தீர்வை ரசீது கையில் இருந்தால் வீடு தன்னுடையது என்று. இல்லை. இடம் யாருடையது என்பதற்குப் பத்திரமும் பட்டாவும்தான் பேசும். தீர்வை ரசீது அந்த வீட்டை இன்னார் அனுபவித்து வருகிறார் என்பதற்கு ஒரு சாட்சி, அவ்வளவே. கோர்ட்டுகள் பல வழக்கில் சொல்லிய விஷயம் இது. அண்ணன் பெயரில் தீர்வை இருக்கிறதே என்று தம்பி பயப்பட வேண்டியதும் இல்லை, தன் பெயரில் இருக்கிறதே என்று அண்ணன் மீசையை முறுக்க வேண்டியதும் இல்லை.

ஆயிரத்து நூற்று நாற்பதை அவர் இரண்டு தவணையாகக் கொடுத்தார். பாதி அன்றைக்கே கூகுள் பேயில், மீதி சம்பளம் வந்த பிறகு. "கிஸ்தி கெட்டிட்டேன் அண்ணாச்சி" என்று ஒரு வாட்ஸ்அப். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கிஸ்தி என்ற சொல்லுக்கே தவணை என்றுதான் அர்த்தம், நிலவரியைத் தவணையாகக் கட்டியதால் வரிக்கே அது பெயராகிவிட்டது. கிஸ்தி கேட்டவனிடம் இந்தச் சீமையில் பாஞ்சாலங்குறிச்சிக்காரர் என்ன பதில் சொன்னார், 1799-ல் கயத்தாற்றில் என்ன ஆயிற்று என்பதெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டாம் வாய்ப்பாட்டுக்கு முன்பே தெரியும். எனக்கு வந்த கிஸ்தி சத்தமில்லாமல் வந்து சேர்ந்தது.

சென்டர் பையனிடம் போய்ச் சொன்னபோது, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வாங்கிய ஐம்பது ரூபாய் கமிஷனை எடுத்து மேசையில் வைத்தான். முகம் சுருங்கிவிட்டது. "பேரைப் பார்த்தேன் அண்ணாச்சி, டோர் நம்பரைப் பார்க்கல" என்றான். அந்த ஐம்பதை நான் வாங்கவில்லை. டீக்கடையில் நின்று கையைக் காட்டினது நான். இருந்தாலும் மதிப்பெண்ணில் ஒன்று குறைத்தாயிற்று. பணம் கட்டுவதற்கு முன்பு பெயர், தெரு, கதவு எண், அரையாண்டு நாலையும் வாய்விட்டுப் படித்துக் காட்டாத கடையில் யாரும் தீர்வை கட்டாதீர்கள்.

இதற்கு நடுவில் பேரூராட்சி அலுவலகத்துக்கும் ஒரு நடை போனேன், தவறுதலாகக் கட்டியதைத் திருப்ப முடியுமா என்று கேட்க. கவுண்டரில் இருந்த அம்மா என் வயதுக்காரர். "எந்த எண்ணுல கெட்டுனீங்களோ அந்த எண்ணுல வரவாயிட்டு. இனி அவங்ககிட்டதான் நீங்க வாங்கிக்கிடணும்" என்றார். அது பரவாயில்லை. ஆனால் "தீர்வை" என்று நான் வாயைத் திறந்ததும், எந்தத் தீர்வை என்று கேட்காமல் கம்ப்யூட்டரில் எங்கள் தெருவைத் திறந்தார் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காக அங்கே போகலாம். என் பழைய நாலு இலக்க எண்ணை வைத்துப் புது எண்ணையும் அவர்தான் கண்டுபிடித்து, ரசீதின் பின்னால் பென்சிலில் எழுதிக் கொடுத்தார். பெயர் மாற்றத்துக்கு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பத்திர நகல் என்று பட்டியலும் சொன்னார். அங்கேயே கட்டியிருப்பேன். கார்டு மெஷினில் சார்ஜ் இல்லை, என்னிடம் சில்லறை இல்லை, வரிசையில் பின்னால் நின்றவருக்குப் பொறுமை இல்லை. வெயிலுக்கு ஒதுங்கவும் இடம் இல்லை.

முன்பெல்லாம் பில் கலெக்டர் வீட்டுக்கே வருவார். வரித்தண்டலர் என்பது காகிதத்தில் உள்ள பெயர், யாரும் அப்படிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. சைக்கிள் ஹேண்டில்பாரில் தோல்பை தொங்கும். திண்ணையில் உட்கார்ந்து, ஒரு செம்பு மோர் குடித்து, ஊர்க்கதை நாலு பேசி, ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போவார். கையில் பணம் இல்லாவிட்டால், "கார் அறுப்பு முடியட்டும்" என்பாள் அம்மா. அவரும் சரி என்பார். ஒப்பிட்டுப் பார்த்தால் அந்தச் சேவைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், ஆனால் அவர் வராமல் போன அரையாண்டுகளின் பாக்கியை மொத்தமாகக் கட்டியதும் நாங்கள்தான். அதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது தடவை சென்டருக்குப் போனது ஏப்ரல் 26. தேதியைக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. நகர்ப்புறத்து வரிக்கு வருடத்தில் இரண்டு அரையாண்டு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. நகராட்சி, பேரூராட்சிகளில் அரையாண்டு பிறந்த முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 31 தேதிகளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழிப்பார்கள், உச்சவரம்பு 5,000 ரூபாய். விட்டுவிட்டால் மாதத்துக்கு 1 சதவீதம் ஏறும். இந்தக் கழிவு இருப்பதே எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. அக்டோபரில் தீபாவளிச் செலவில் மறந்துவிடுவார்கள், ஏப்ரலில் பள்ளிக்கூடச் செலவில்.

என் கணக்கு இது. எங்கள் வீடு 900 சதுர அடி. அரையாண்டுக்கு 412 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம். 2022-ல் தமிழ்நாடு முழுக்க நகர்ப்புறங்களில் உயர்த்தினார்கள்: 600 சதுர அடி வரை 25 சதவீதம், அதற்கு மேல் 1,200 வரை 50, 1,800 வரை 75, அதையும் தாண்டினால் 100. சென்னையின் பழைய பகுதிகளுக்கு இன்னும் கூட. எங்களுக்கு 50 விழுந்து 618 ஆயிற்று. அப்புறம் 2024-ல் 6 சதவீதம் ஏறி 655. அதில் 5 சதவீதம் கழிவு என்றால் முப்பத்திரண்டே முக்கால் ரூபாய். சென்டர் கமிஷன் 50. ஆக, கழிவு வாங்கப் போய்ப் பதினேழேகால் ரூபாய் நஷ்டம்.

இதைப் பையனிடமே சொன்னேன். அவன் அசரவில்லை. "நீங்க ஆபீசுக்குப் போயிட்டு வர ஆட்டோ எவ்வளவு அண்ணாச்சி?" என்றான். நாற்பது. சரி, பதில் சொல்லத் தெரிந்த பையன்.

இந்தத் தடவை நான் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பென்சில் எண்ணைப் போட்டான். பெயர் வந்தது, தெரு வந்தது, கதவு எண் வந்தது. ஒவ்வொன்றையும் அவனே உரக்கப் படித்தான், பரீட்சையில் ஒப்பிக்கிற மாதிரி. கழிவும் சரியாக விழுந்திருந்தது. மூன்று நிமிடத்தில் ரசீது கையில். கமிஷன் வாங்க மறுத்துவிட்டான். "போன தடவை நீங்க திருப்பி வாங்கல. அது இதுக்கு" என்றான். கணக்கு நேர்.

ரசீதை நீட்டியவன் அதில் ஒரு வரியைக் காட்டி, "நூலக வரின்னு போட்டுருக்கு, அது என்ன அண்ணாச்சி?" என்று கேட்டான். தீர்வையில் ரூபாய்க்கு 10 பைசா நூலகத்துக்குப் போகிறது என்றேன். 1948-ல் மதராஸ் மாகாணத்தில் போட்ட பொது நூலகச் சட்டத்தில் வந்தது அது, இந்திய மாகாணங்களில் முதல் நூலகச் சட்டம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் தினமும் காலையில் நான் பேப்பர் படிக்கிற நாற்காலிக்கு ஒரு கால் முடமாக இருந்தது. போன வருடம் மாற்றினார்கள். அந்தக் காலில் அப்பாவின் தீர்வை ஏதோ ஒரு இழையாவது இருக்கும் என்று நினைத்துக்கொள்வது எனக்கு ஒரு சுகம். பையன் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நான் வாடகை வீட்டுல இருக்கேனே, நான் போய்ப் படிக்கலாமா?" என்றான். படிக்கலாம்டா, உன் வாடகையிலேயே வீட்டுக்காரர் தீர்வையைச் சேர்த்துத்தான் வாங்கியிருப்பார் என்றேன்.

யாருக்கு இந்தக் கடை ஆகும் என்றால், போனில் தானாகவே கட்டத் தெரிந்தவர்களுக்கு வேண்டாம். புது எண்ணைத் தெரிந்து வைத்திருந்தால் வீட்டில் இருந்தே கட்டிவிடலாம், கிராம ஊராட்சிகளுக்கும் இப்போது அந்த வசதி வந்துவிட்டது. எண் தெரியாதவர்கள் முதலில் அலுவலகத்துக்குப் போய் எண்ணை வாங்கிக்கொண்டு அப்புறம் இங்கே வாருங்கள். வயதானவர்களைத் தனியாக அனுப்ப வேண்டாம். பையன் ஏமாற்ற மாட்டான். ஆனால் அவசரக்காரன். கூட்டம் இல்லாத மத்தியான வேளை நல்லது. கரண்ட் போனால் அவனிடம் பேட்டரி உண்டு, ஒரு மணி நேரம் தாங்கும்.

ஐந்துக்கு மூன்றரை. ஒன்று, வீடு மாற்றிக் கட்டியதற்குக் குறைத்தது. அரை, தீர்வை என்ற சொல் தெரியாததற்கு.

ரசீதைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். சொத்து வரி என்று தலைப்பில் அச்சடித்திருந்ததை விரலால் தடவிப் பார்த்தாள். "இது தீர்வைதானல?" என்றாள். ஆமாம் என்றேன். ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். பெயர் மாற்ற மனு கொடுத்திருக்கிறோம், அது இன்னும் வரவில்லை. மீட்டர் அப்பா பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

போன வாரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனபோது, சென்டர் வாசலில் புதுப் பலகை ஒன்று மாட்டியிருந்தான். ஜெராக்ஸ், லேமினேஷன், ரயில் டிக்கெட் என்று வரிசையாக எழுதி, கடைசியில் சிவப்பு எழுத்தில், "இங்கு வீட்டுத் தீர்வு கட்டப்படும்."

"தீர்வு இல்ல தம்பி, தீர்வை" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணாச்சி?" என்றான், கீபோர்டில் இருந்து கண்ணை எடுக்காமல்.

குறைத்த அரையை இப்போதைக்குத் திருப்பித் தருவதாக இல்லை.